கழுகுக்கல்லில் புல் தெரிந்த ஞாயிறு

ஜனவரி 11, 1999, திங்கள்

பனி முப்பத்தாறு சென்டிமீட்டர். இது ஸ்லாதினாவின் கணக்கு. என் கணக்கில் எண்பது.

ஸ்லாதினா என் அண்ணன் மகள். தலைநகர் சோபியாவில் படித்து முடித்துவிட்டு வந்து, இந்தக் குளிர்காலம் முதல் கழுகுக்கல் பனிச்சறுக்கு மலைக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். வந்ததும் செய்த முதல் வேலை, என் அளவுகோலைப் பிடுங்கியது. அந்தக் கோல் வருஷக்கணக்காகக் குடிலுக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்றது. காற்று மலைப்பனி முழுவதையும் வாரிக் கொண்டுவந்து கொட்டுகிற மூலை அது. ஏதோ தெரியாமல் நட்ட இடம் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் நன்றாக யோசித்து நட்ட இடம். அவள் அதைத் தூக்கிப்போய் நட்டநடுச் சரிவில், பொட்டலில் குத்திவிட்டாள்.

"சித்தப்பா, அந்த மூலையில பனி பெய்யல, ஒளிஞ்சுக்குது. ஜனங்க சறுக்குறது சரிவுல. அங்கதான் அளக்கணும்."

படித்த பிள்ளை. நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதினால் சோபியாவில் தாள் தட்டுப்பாடு வந்துவிடும்.

சறுக்க வருகிறவர்களை மலைமேலே இழுக்கிற லிஃப்டை ஓட்டுவது போக, இன்னொரு பெரிய வேலையும் என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் பதிவு போனில் பனி நிலவரம் சொல்வது. கீழே யெலோவோ ஊரில் யார் எங்கள் எண்ணைச் சுழற்றினாலும் என் குரல் கேட்கும். "முப்பத்தாறு" என்று மொட்டையாகச் சொன்னால் எவன் போர்வையை விட்டு எழுந்திருப்பான்? "எண்பது! மேலே மாவு, அடியில் வெண்ணெய்! நேற்று ஒரு கரடி உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனது!" என்றால் எழுந்து வருவான். நான் மலைக்கு நகை போடுகிறேன், அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணை நகை இல்லாமல் யாராவது மேடையேற்றுவார்களா?

ஜனவரி 15

பஸ் ஓட்டுகிற ராய்ச்சோ மதுக்கடையில் புது அளவு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறானாம். மெத்தோதி சென்டிமீட்டர். மெத்தோதி நான்தான். "அண்ணன் எண்பதுன்னா நாப்பது. நூறுன்னா அம்பது. சறுக்கல் சொர்க்கம்னு சொன்னாருன்னா கல்லு தெரியுதுன்னு அர்த்தம்." ஊரே என் குரலைக் கேட்டுவிட்டு இரண்டால் வகுக்கிறதாம்.

வகுக்கட்டும். வகுக்கிறதுக்காவது போன் பண்ணுகிறார்களே.

ஜனவரி 18

இன்று அதனாஸ் புனிதர் நாள். புனிதர் பட்டுச்சட்டை போட்டு, வெள்ளைக் குதிரையில் மலையேறி, குளிர்காலத்தை விரட்டுகிற நாள். என் மனைவி நெவேனா விடிந்ததும் விடியாததுமாக வாசலில் நின்று மலையைப் பார்த்து, "போ குளிர்காலமே! வா கோடையே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஊரில் எல்லாரும் கத்தலாம். பனியை நம்பிப் பிழைக்கிற வீட்டில் கத்தலாமா?

"மெதுவாக் கத்துடி. இருக்கிறதே முப்பத்தாறுதான்."

"ஊருக்கு எண்பதுன்னீங்களே? மிச்சம் நாப்பத்துநாலு இருக்குல்ல, அது உருகட்டும்."

இந்த வாய்க்காகத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ஏழு மாப்பிள்ளைகள் போட்டியில் இருந்தார்கள். சரி, இரண்டு பேர்.

ஜனவரி 24, ஞாயிறு

அவமானம்.

நேற்று வானிலை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. "காற்றும் பனியும் வர வாய்ப்பு" என்று இரண்டு வரி. ஸ்லாதினா அதை என்னிடம் கொடுத்துப் பதிவில் சொல்லச் சொன்னாள். வாய்ப்பு என்பது என்ன சொல்? வாயில் வைத்தால் உப்பும் இல்லை, மிளகாயும் இல்லை. நான் கொஞ்சம் தாளித்துவிட்டேன். "நூற்றாண்டின் புயல் வருகிறது! மாட்டை உள்ளே கட்டுங்கள்! கூரையில் கல் வையுங்கள்!"

இன்று காலை சூரியன் பல்லை இளித்துக்கொண்டு வந்தான். ஒரு மேகமில்லை. ராய்ச்சோ பள்ளிப் பிள்ளைகளின் பஸ்ஸை ரத்து செய்திருந்தான். போனில் அவன் கத்தியது அடுத்த பள்ளத்தாக்குக்கும் கேட்டிருக்கும்.

"யோவ் அண்ணே! டயருக்குப் பனிச்சங்கிலி மாட்டிட்டு வெயில்ல உக்காந்திருக்கேன்! மூக்கு வெந்துபோச்சு! இனி நீ புயல்னா நான் குளிக்கப் போற துண்டோட வருவேன்!"

ஸ்லாதினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே ஒரு எண், ஒரு வாக்கியம், சித்தப்பா. கரடி வேண்டாம். மாடு வேண்டாம்" என்றாள்.

பிப்ரவரி 6

பள்ளியிலிருந்து தாஃபினா டீச்சர் மேலே வந்து சரிவைப் பார்த்தாள். பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் சறுக்குப் போட்டி பதினான்காம் தேதி இங்கே நடக்கப்போகிறது! இத்தனை வருஷம் எதிர்மலையில்தான் நடந்தது. அங்கே பெரிய லிஃப்ட், புது உணவுவிடுதி, எல்லாம் உண்டு. ஸ்லாதினா நடையாய் நடந்து கேட்டு வாங்கியிருக்கிறாள்.

டீச்சர் கறார். "ஒரு தடவைதான் நம்பித் தரேன், ஸ்லாதினா. இங்க நடக்கலைன்னா திரும்ப அங்கேயே போயிடும். அப்புறம் அடுத்த வருஷம் வந்து நிக்காதே."

"நடக்கும் டீச்சர்."

பிள்ளைகள் வந்தால் பின்னாலேயே அப்பா அம்மா வருவார்கள், ஊர் வரும். வராவிட்டால் இந்த மலைக்கு நானும் காக்காயும்தான். ஸ்லாதினா பிள்ளைகளின் முதுகில் கட்டுகிற எண் துணிகளைத் தானே தைக்கிறாள். ஏழாம் எண்ணைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். நான் பார்த்தும் சொல்லவில்லை, பாவம்.

பிப்ரவரி 12

சரிவில் அங்கங்கே சொட்டை. நிழற்காட்டிலிருந்து பனியை அள்ளிவந்து மூடினோம். தனி ஆளாக நாற்பது வண்டி அள்ளினேன். சரி, டிராக்டர்தான் அள்ளியது. ஆனால் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றது யார்?

கோல் இப்போது முப்பத்தெட்டு. பதிவில் முப்பத்தெட்டு என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே போய்க் காக்காயிடம் எண்பது என்றேன்.

பிப்ரவரி 13, சனி

ஃபேக்ஸ்: நாளை சாயங்காலம் புயல். போட்டி மதியத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் வீட்டில் சூப் குடிக்கிற நேரத்தில்தான் வருமாம். வரட்டும்.

தெற்கிலிருந்து வெதுவெதுவென்று ஒரு காற்று. ஊரில் கூரையெல்லாம் சொட்டுகிறதாம். ஸ்லாதினாவுக்கு இந்தக் காற்று பிடிக்கவில்லை. வெளியே போய்ப் போய் முகர்ந்துவிட்டு வருகிறாள். நாங்கள் இருவரும் இன்று குடிலிலேயே தங்கல். நெவேனா கொடுத்தனுப்பிய பீன்ஸ் பானை அடுப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 14, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

விடியும்போது புது ஃபேக்ஸ் வந்தது. புயல் சாயங்காலம் இல்லை, மதியத்துக்கு முன்பே. கடும் எச்சரிக்கை. ஸ்லாதினா அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே ஆலை வளைவைப் பார்த்தாள். ஊரிலிருந்து வரும் பாதை அந்த வளைவில் மொட்டைச் சரிவுக்கு நேர் அடியில் போகிறது.

"காத்து ராத்திரி பூரா அந்தச் சரிவுமேல பனிய ஏத்தி வச்சிருக்கு சித்தப்பா. அடியில நனைஞ்சுபோயிருக்கு. அதுமேல புதுசா கொட்டினா நிக்காது, மொத்தமா பாதைமேல சரிஞ்சுடும். வண்டிங்க வர்ற நேரம், இல்ல திரும்பிப் போற நேரம், ரெண்டுல ஒண்ணு."

சாலை அலுவலகத்துக்கு போன் அடித்தாள். ஞாயிறு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் வீட்டிலும் எடுக்கவில்லை. மதுக்கடைக்கு அடித்தாள். பஸ் அங்கிருந்துதான் கிளம்பும். ராய்ச்சோவே எடுத்தான். நான் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

"ராய்ச்சோ மாமா, போட்டி ரத்து. புயல் சீக்கிரமே வருது. யாரும் மேல வரவேண்டாம்."

"யாரு, உன் சித்தப்பா சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"பக்கத்துல அவரு நிக்கிறாருல்ல? மூச்சு எனக்குக் கேக்குது. அம்மாடி, இங்க வெயிலு. பசங்க வந்தாச்சு, டீச்சர் பேரைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கா, பெத்தவங்க காரெல்லாம் வரிசை கட்டி நிக்குது. இப்ப ரத்துன்னு சொல்லி அப்புறம் ஜனவரி மாதிரி ஆச்சுன்னா என்னைக் கட்டிவச்சுத் தோலை உரிச்சுடுவாங்க. மேல வந்து பாத்துட்டு முடிவு பண்றோம்."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

ஸ்லாதினா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் எனக்கு அது உதித்தது. மதுக்கடையில் காலையில் எங்கள் பதிவைக் கேட்காமல் யாரும் வண்டிக்குச் சாவி போட மாட்டார்கள். சிரிக்கவாவது கேட்பார்கள். புயல் என்றால் நம்ப மாட்டார்கள். இரண்டு மீட்டர் என்றால் ஒன்று என்பார்கள். ஆனால் மெத்தோதி குறைத்துச் சொல்லி இதுவரை யாராவது கேட்டதுண்டா?

"ஸ்லாதினா. பனியே இல்லைன்னு சொல்லிடறேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. வெளியே பார்த்தாள். இரண்டு பேரும் முதுகு ஒடிய மூடிய சரிவு, கொடிகள் குத்திய பாதை, கயிற்றில் தொங்குகிற எண் துணிகள்.

"புயல் வரலைன்னா? பனியில்லாத மலைன்னு பேராயிடும். டீச்சர் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா."

"ஆமா."

"வந்துட்டா?"

நான் பதிவுக் கருவியை என் பக்கம் இழுத்தேன். அவள் கண்ணைத் துடைத்தாள். "சொல்லுங்க சித்தப்பா. சீக்கிரம். ஆனா மாடு வேண்டாம்."

நான் நிஜமாகவே மாட்டைச் சேர்க்க நினைத்திருந்தேன். சரிவில் மாடு மேய்கிறது, கன்றும் கூட நிற்கிறது என்று. நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். பதிவுப் பொத்தானை அமுக்கிச் சொன்னேன்: "மெத்தோதி பேசுறேன். ராத்திரி காத்துல எல்லாம் உருகிப்போச்சு. புல்லு தெரியுது. மன்னிச்சுக்குங்க." அவ்வளவுதான். என் ஆயுளில் இவ்வளவு சின்னதாகப் பேசியதில்லை.

பிறகு.

வெயில் அடிக்கிறது. வெயில்! ஒரு நூல் காற்றுகூட இல்லை. சரிவு சர்க்கரை மாதிரி மின்னுகிறது. இதற்குப் பேர் புல்லா? பாதையில் வண்டி எதுவும் தெரியவில்லை, ஆனால் ஆலை வளைவுக்கு அந்தப் பக்கம் இங்கிருந்து பார்க்க முடியாது. ஸ்லாதினா எண் துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடிக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டியைக் கெடுத்துட்டேனா? பாவி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமோ?

பிறகு.

வந்துவிட்டது. மேற்கிலிருந்து கறுப்பாக, சுவர் மாதிரி. இப்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாது. இதில் ஒரு சொட்டும் கூட்டிச் சொல்லவில்லை. அவளைக் கேட்டுப் பாருங்கள்.

போன் செத்துவிட்டது. கம்பி எங்கோ அறுந்திருக்க வேண்டும்.

சற்று முன் ஆலை வளைவுப் பக்கம் ஒரு சத்தம். மலை நெஞ்சைச் செருமிய மாதிரி. அடி வயிற்றில் கேட்டது. ஸ்லாதினா எழுந்து நின்றாள். "சரிவுப் பனி மொத்தமா இறங்கிடுச்சு" என்றாள்.

அவங்க கேட்டாங்களா? கேட்டுட்டு நம்பினாங்களா? இல்ல, ராய்ச்சோ அதையும் ரெண்டால வகுத்துட்டானா? புல்லை எப்படி வகுப்பான்? பாதிப் புல்லு, பாதிப் பனி, போதும் போலாம்னு கிளம்பிட்டானா? ஐயோ கடவுளே. நாற்பது பிள்ளைங்க.

பிப்ரவரி 15

இன்னும் அடிக்கிறது. வெளியே போக முடியாது. ஒரு தடவை கயிறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், லிஃப்ட் கம்பம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ஸ்லாதினா கயிற்றை இழுத்து என்னை உள்ளே கொண்டுவந்தாள். பீன்ஸ் பானை அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

"அவங்க வந்திருக்க மாட்டாங்க சித்தப்பா" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து நான் அதையே அவளிடம் சொல்கிறேன். மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 16, செவ்வாய்

வெளிச்சம். நீலம். காற்று நின்றுவிட்டது.

மதியம் போலக் கீழே பாதையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பின்னால் பனி தள்ளும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால், நெஞ்சளவு பனியில் நீந்துகிற மாதிரி ஒரு ஆள். தொப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ராய்ச்சோ!

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்லாதினா ஓடினாள். ஓடியவள் இடுப்பு வரை புதைந்து அங்கேயே நின்றபடி, "பசங்க? பசங்க?" என்று கத்தினாள்.

"வீட்டுல இருக்கானுங்க! பள்ளிக்கூடம் லீவு, கொண்டாட்டமா இருக்கானுங்க!"

மேலே வந்து சேர்ந்ததும் அவன் என் முன்னால் நின்று, நெஞ்சு வரை ஒட்டியிருந்த பனியைத் தட்டினான். பிறகு சுற்றிலும் பார்த்தான்.

"யோவ் அண்ணே. புல்லு எங்கய்யா?"

நான் காலடியில் இருந்த பனியைக் காட்டினேன். பிறகு அவன்தான் சொன்னான். ஞாயிறு காலையில் எல்லாரும் சிரிக்கலாம் என்று பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்டார்களாம். என் குரல் முடிந்ததும் மதுக்கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லையாம்.

"நீயே புல்லுன்னு சொல்றேன்னா அங்க புல்லுகூட இல்ல, வெறும் பாறைதான்னு நெனச்சேன். 'மெத்தோதிக்கு ஏதோ ஆயிடுச்சு'ன்னாரு கடைக்காரரு. பசங்களை இறங்கச் சொன்னேன். பாதிப் பசங்க அழுதுச்சு. டீச்சர் உன்னையும் இவளையும் சேத்து வஞ்சா பாரு, அந்த வசவுலேயே பனி உருகியிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஆலை வளைவைத் தோண்டிட்டுத்தான வரேன். அங்க பனி பஸ் அளவு இல்ல, தேவாலய அளவு கெடக்கு." தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். "நாங்க அங்க இருந்திருப்போம் அண்ணே. சரியா அந்த நேரத்துல."

பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சங்கிலி, டீசல், பூண்டு, எல்லா வாசனையும் அடித்தது. அவ்வளவு நல்ல வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. மூன்று பேரும் பீன்ஸ் பானையை அடி வரை வழித்தோம். ராய்ச்சோ சட்டைப்பையிலிருந்து பிளம் ரகியாச் சாராயம் எடுத்தான். ஸ்லாதினா குடிக்க மாட்டாள். இன்று குடித்தாள், இருமினாள், இன்னொன்று கேட்டாள்.

பிப்ரவரி 17

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். நெவேனா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். போன் அறுந்ததிலிருந்து அவளும் தூங்கவில்லையாம். "வாயால பனி பெய்ய வைக்கிற ஆளு, பனியை வாயால நிறுத்தியும் காட்டிட்டீங்க" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 20

தாஃபினா டீச்சர் நடந்தே மேலே வந்தாள். வழியில் ஆலை வளைவில் நின்று பார்த்திருக்கிறாள். அங்கே சாலையின் இரண்டு பக்கமும் பனிச்சுவர் இன்னும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. குடிலுக்குள் வந்து உட்கார்ந்து டீக் கோப்பையைச் சுழற்றினாள்.

"ரெண்டு பேரும் பொய் சொன்னீங்க" என்றாள் ஸ்லாதினாவிடம்.

"ஆமா டீச்சர். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"போட்டி போயிடும்னு தெரிஞ்சும்."

"தெரிஞ்சுதான்."

டீச்சர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எங்கள் ஊரில் அது சரி என்று அர்த்தம். "இருபத்தெட்டாம் தேதி வச்சுக்கலாம். எதிர்மலைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

டீச்சர் போனபின் ஸ்லாதினா வெளியே ஓடிப்போய்ப் பனியில் மல்லாக்க விழுந்து கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். சோபியாவில் படித்த பொறுப்பாளர்!

பிப்ரவரி 28, ஞாயிறு

போட்டி நடந்தது. பனி நூற்று இருபத்தேழு, நட்டநடுச் சரிவில், அவள் கோலில். நான் ஒரு சென்டிமீட்டரும் சேர்க்கவில்லை, சேர்க்க இடமும் இல்லை. தலைகீழ் ஏழைக் கட்டிக்கொண்ட சிறுமி மூன்றாவதாக வந்தாள். கூட்டம், சத்தம், சாஸேஜ் புகை, ராய்ச்சோ ஹாரனை நிறுத்தவே இல்லை. என் குரலே போய்விட்டது. ஆனாலும் பள்ளத்தாக்கு பூராவும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

மார்ச் 7, ஞாயிறு

விடிகாலையில் ஃபேக்ஸ்: மேலே மூடுபனி, பகலில் பலத்த காற்று. ஸ்லாதினா என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் வேலையைப் பார்க்கப் போனாள். எண்ணையும் சொல்லித் தரவில்லை, கரடி வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் பொத்தானை அமுக்கினேன். "மெத்தோதி பேசுறேன். பனி நூத்திப் பதினெட்டு. காத்து வருது. இன்னைக்கு மேல வராதீங்க."

பிறகு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் வரவில்லை. கார் வரவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் புதுப்பனி அப்படியே விரித்த துணி மாதிரி கிடந்தது, ஒரு டயர் தடமும் இல்லை. பத்து மணிக்குக் காற்று வந்தது, ஜன்னலை உலுக்கியது, நாங்கள் சீஸ் வறுத்துச் சாப்பிட்டோம்.

"ஒருத்தரும் வரல சித்தப்பா" என்றாள் ஸ்லாதினா.

வரவில்லை. இந்த மலையில் எத்தனையோ பெருங்கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று என் பேச்சைக் கேட்டு வராமல் இருந்தவர்கள் மட்டும் குறைந்தது ஐந்நூறு பேர் இருக்கும்.